கிடாரத்துக்கு ஆகாத கை

எங்கள் மதிலுக்கு மேலால் அந்த வீட்டிலிருந்து வந்த பீங்கான் எதுவும் சும்மா வந்ததில்லை. சாப்பாட்டோடு ஒரு குறையும் சேர்ந்தே வரும். இடியப்பம் என்றால் மாவு பழசு, கோழிக்கறி என்றால் மிளகு கூடிவிட்டது, வட்டலப்பம் என்றால் கருப்பட்டி சரியில்லை. "இன்னக்கி சரியா வரல்ல புள்ள, ஏசாம சாப்புடுங்கொ" என்று சொல்லித்தான் பீங்கானை என் கையில் தருவார். உள்ளே கொண்டுபோய் மூடியைத் திறந்தால் வாசனையே ஆளைப் பிடித்து உட்காரவைத்துவிடும்.

அவரை நான் ராத்தா என்றுதான் கூப்பிட்டேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள். நான் கத்தோலிக்கப் பெண், யட்டவத்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். மாத்தளை டவுனில் ஒரு பார்மசியில் வேலை கிடைத்ததும் அங்கேயே ஒரு சந்தில் சின்ன வீடொன்றை வாடகைக்கு எடுத்தேன். பக்கத்து வீடு ராத்தாவுடையது. கணவர் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுபவர், வாயைத் திறந்து பேசுவதை நான் கண்டது குறைவு. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு குசினி, அடுப்பும் அம்மியும் சட்டிகளுமாக. ராத்தா வாழ்ந்தது அந்தக் குசினியில்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒரு தடவை என் அம்மா தோட்டத்திலிருந்து வந்து என்னோடு தங்கினார். அன்றைக்கு மதிலுக்கு மேலால் வந்தது நெய்ச்சோறு. வழக்கமான குறையையும் ராத்தா ஒழுங்காகச் சொல்லிவிட்டார். நெய் காய்ந்து போச்சாம், சோறு விறைத்துப் போச்சாம். அம்மா அதை அப்படியே நம்பிவிட்டார். சமைத்தவரே நன்றாக இல்லை என்கிறபோது நாம் ஏன் வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித் தன் பங்கைத் தள்ளிவைத்தார். நான் அதைத் திருத்தப் போகாமல் இரண்டு பங்கையும் சாப்பிட்டு முடித்தேன். கடைசி வாயில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்து ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தார். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பும் வரைக்கும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சமைத்ததைக் குறைத்துச் சொல்வது நம் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம்தான். உப்புப் புளி எப்படியோ, பார்த்துச் சாப்பிடுங்கள் என்று நானும்தான் சொல்வேன். எதிரில் இருப்பவர் "சீச்சீ, அருமையா இருக்கு" என்று சொல்லட்டும் என்பதற்காகச் சொல்வது அது. ராத்தா அந்த ரகம் இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னால், பாவம், என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறாய் என்று நினைப்பார். கொஞ்சம் காரம் என்று சொன்னால் மட்டும் அவருடைய முகம் தெளியும். அப்போதுதான் நான் உண்மை பேசுகிறேன் என்று அவருக்கு நம்பிக்கை வரும். எனக்கு அது பெரிய எரிச்சல். நல்லதை நல்லது என்று சொன்னால் ஏற்றுக்கொள்வதற்கு ஒரு மனுஷிக்கு என்ன கஷ்டம்?

மற்ற விஷயங்களில் ஆள் புலி. தரிப்பிடத்தைத் தாண்டி இறக்கிவிட்ட பஸ் கொண்டக்டரைச் சிங்களத்தில் பிடித்துத் திட்டி, பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கவைத்ததை நானே பார்த்திருக்கிறேன். மீன்காரன் ராத்தாவின் வாசலில் மட்டும் செவுளைத் தானே தூக்கிக் காட்டுவான். இவ்வளவு தைரியசாலி அகப்பையைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிடுவார். அதிலும் சின்னச் சட்டி என்றால் பரவாயில்லை. கிடாரம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறும். கல்யாண வீடுகளில் நூறு இருநூறு பேருக்குச் சோறாக்குவார்களே, அந்தப் பெரிய பாத்திரம்தான் கிடாரம்.

"கிடாரத்துக்கு என்ட கை ஆகாது புள்ள. பரக்கத்து இல்லாத கை" என்று சொல்வார். ஆண்டவன் தருகிற செழிப்பைத்தான் அவர்கள் பரக்கத்து என்பார்கள். ராத்தா அதைச் சொல்லும்போது கவலையோ கோபமோ இருக்காது. எனக்கு வலது காதில் கேட்காது என்று ஒருவர் சொல்வது போலத்தான் சொல்வார்.

நோன்பு மாதம் வந்தால் நான்தான் அவருடைய நாக்கு. அவர் நோன்பு, பிள்ளைகளும் நோன்பு, உப்புப் பார்ப்பதற்கு அந்த வீட்டில் ஆளில்லை. எனக்குப் பார்மசியில் காலை வேலை. மத்தியானம் தாண்டி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பாடு வரும். கஞ்சியை அகப்பையில் ஏந்திக்கொண்டு நிற்பார். நான் ஊதிக் குடித்துவிட்டுச் சரி என்பேன். என் வாயைப் பார்க்கமாட்டார், கண்ணைத்தான் பார்ப்பார். "மெய்யாவா?" என்பார். மெய்தான் என்பேன். அடுப்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு அகப்பை நீட்டுவார். அந்த மாதங்களில் எனக்கு இரவுச் சாப்பாடு தேவைப்பட்டதே இல்லை.

அவருடைய கஞ்சிக்கும் கறிக்கும் அந்தச் சந்தே அடிமை. ஆகவே பெரிய ஓடர் எதையாவது எடுக்கும்படி நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். பார்மசி முதலாளியின் மகளுக்குப் பிறந்தநாள் வந்தபோது புரியாணி ராத்தாதான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். ராத்தா மூன்று நாள் மறுத்தார். பிறகு ஒரு கிடாரத்தை இரவல் வாங்கி, பின்முற்றத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டினார். மேலே தணல் போட்டு, தம் இறங்கி, மூடியைத் திறந்து எனக்கு ஒரு கை தந்தார். சோறு பொலபொலவென்று இருந்தது. இறைச்சி விரலுக்கு உடைந்தது. சத்தியமாக நான் அப்படியொரு புரியாணி சாப்பிட்டதில்லை, அதை அப்படியே சொன்னேன். சொல்லிவிட்டுச் சேலை மாற்றப் போனேன்.

திரும்பி வந்தபோது மூடி கீழே கிடந்தது. ராத்தா ஒரு ஜக் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தார். நடுவில் வேகாத மாதிரித் தெரிந்ததாம். ஊற்றிய பிறகு அகப்பையால் கிளறியும் விட்டார். பதினைந்து நிமிஷத்தில் அந்தப் புரியாணி குழைந்து களியாகிவிட்டது. முதலாளி நல்ல மனுஷர், சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் என்னிடம், கஞ்சி ருசியாக இருந்தது என்று மட்டும் சொன்னார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அந்த நாளில் என்னை உறுத்தியது குழைந்த சோறு இல்லை. கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்த ராத்தாவின் முகம்தான். அழுவார் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். அவர் நிம்மதியாக இருந்தார். பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளையின் முகம். "நான் சொன்னேன்தானே புள்ள" என்றார். குரலில் ஒரு திருப்தி கூட இருந்தது. தான் சொன்னது சரிதான் என்கிற திருப்தி.

அதற்குப் பிறகு இன்னொன்று. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்து ஆவியில் இறுக அவிக்கிற இனிப்புத்தான் வட்டலப்பம். டவுனில் ஒரு பேக்கரிக்காரர் ராத்தாவின் வட்டலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, சின்னக் கப்புகளில் போட்டுத் தந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாகக் கேட்டனுப்பினார். ராத்தா சரி என்றார். முட்டை வந்தது, கருப்பட்டி வந்தது, ஏலக்காயும் சாதிக்காயும் பல்லேபொலையில் இருக்கும் அவருடைய உம்மா வீட்டிலிருந்து வந்தன. கொண்டுபோக வேண்டிய நாளில் பேக்கரிக்கு ஆள் அனுப்பி, சின்னவனுக்குக் காய்ச்சல், இன்றைக்கு ஏலாது என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் சின்னவன் சந்தில் பந்தடித்துக்கொண்டிருந்தான். அடுத்த நாளும் அதே காய்ச்சல். பேக்கரிக்காரர் பிறகு கேட்கவில்லை.

அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. மதிலருகில் நின்றுகொண்டே கேட்டேன்.

"ராத்தா, அன்னைக்கி சோறு நல்லாத்தான் இருந்திச்சி. நீங்கதான் தண்ணி ஊத்துனீங்க. இன்னைக்கி பிள்ளைக்குக் காய்ச்சலும் இல்ல. கைக்கு பரக்கத்து இல்லன்னு ஏன் ஆண்டவன் மேல பழிய போடுறீங்க?"

ஆண்டவனை இழுத்திருக்கத் தேவையில்லை, ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. ராத்தா உள்ளே போனார். ஒரு வாரம் மதிலுக்கு மேலால் எந்தப் பீங்கானும் வரவில்லை. பருப்பும் கருவாடும் ஆக்கித் தின்று எனக்கு நாக்குச் செத்துப்போனது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பூசைக்குப் போய் வந்து உடுப்புக் காயப்போடும்போது, அவரே மதிலருகில் வந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை. அவருடைய மூத்த ராத்தாவின் கல்யாணக் கதையை எனக்குச் சொன்னார். முதல் தரம் முழுசாகச் சொன்னது அன்றுதான்.

அப்போது அவருக்குப் பதினாறு பதினேழு வயது. கல்யாணத்துக்கு வட்டலப்பத்தைச் சின்னவள் செய்யட்டும் என்று வாப்பா சொல்லிவிட்டார். பெரிய தட்டுகளில் ஊற்றி, கிடாரத்தில் வைத்து ஆவியில் அவித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கொண்டுவந்து வைத்தபோது வட்டலப்பம் ஓட்டை ஓட்டையாகத் தண்ணீர் விட்டுக் கிடந்தது. யாரோ ஒரு மாமி, இந்தப் பிள்ளையின் கைக்குக் கிடாரம் ஆகாது, சின்னச் சட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். சொன்னவருக்கு அது மறுநாளே மறந்திருக்கும். வீட்டில் மட்டும் அந்தச் சொல் தங்கிவிட்டது. கந்தூரி, கல்யாணம், பெருநாள் எது வந்தாலும், அவளைக் கிடாரத்துப் பக்கம் விடாதே என்பார்கள். பாசமாகத்தான் சொல்வார்கள். ராத்தாவும் விலகி நின்று வெங்காயம் உரிப்பார்.

இந்தக் கதையின் பாதிதான் எனக்கு முன்பே தெரியும். மீதியை அந்த ஒரு வாரத்தில்தான் ராத்தா தனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அது இறுகித்தான் ஈந்திச்சி புள்ள" என்றார். இருந்தது என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "ஈக்கில் குத்திப் பாத்தேன், சுத்தமா வந்திச்சி. நான் நம்பல்ல. திரும்ப அடுப்புல ஏத்தினேன். இறக்கினேன், திரும்பவும் ஏத்தினேன். மூணு தரம். கூட வெந்துதான் தண்ணி விட்டிச்சி. இத்தின வருசமா அத நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. எனக்கே மறந்து போச்சி."

தன் கையை விரித்துப் பார்த்தார். பெரிய கை, அகலமான விரல்கள், பெருவிரலில் மஞ்சள் ஏறி நிரந்தரமாகிவிட்ட நகம்.

"என்ட கைக்கு பரக்கத்து இல்லாம இல்ல. என்ட கைக்கு நிப்பாட்டத் தெரியல்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு மனுஷி தன்னைப் பற்றிய உண்மையைத் தானே தோண்டி எடுத்து, கழுவி, கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அதை எடுத்துக் கொடுக்க எந்த மேடைப் பேச்சாளரும் வரவில்லை. அன்று மத்தியானம் மதிலுக்கு மேலால் கத்தரிக்காய்க் கறி வந்தது. வழக்கம் போலக் குறையோடுதான் வந்தது, எண்ணெய் கூடிவிட்டதாம். உண்மை தெரிந்துவிட்டது என்பதற்காகப் பழக்கம் உடனே போய்விடுமா?

டவுனில் அப்போது புதிதாக ஒரு கல்யாண மண்டபம் வந்திருந்தது. அதன் சொந்தக்காரரை எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். அங்கே சமைத்துக்கொண்டிருந்த கோக்கி குவைத்துக்குப் போய்விட்டார். ஹாஜியார் உறவு வீடொன்றில் ராத்தாவின் புரியாணியைச் சாப்பிட்டிருக்கிறார். சின்னச் சட்டிப் புரியாணிதான். மண்டபத்தில் நோன்பு திறக்கும் வைபவம் ஒன்று வைக்கிறேன், டவுன் ஆட்கள் எல்லாரும் வருவார்கள், நீங்கள் சமையுங்கள், சரியாக வந்தால் பெருநாளுக்குப் பிறகு மண்டபத்துச் சமையலறை உங்கள் பொறுப்பு என்று சொல்லியனுப்பினார். ஒரு பொம்பளை கிடாரத்தோடு மல்லுக்கட்டுவதா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்களாம். சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள் என்று ஹாஜியார் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

ராத்தாவுக்கு அந்தச் சமையலறை மேல் ஒரு கண் என்பது எனக்குத் தெரியும். சந்தைக்குப் போகும்போது மண்டபத்தின் புகைக்கூண்டை நின்று பார்த்துவிட்டுத்தான் நடப்பார். ஆனாலும் முதல் வேலையாக, ஏலாது என்று சொல்லிவிட்டு வரும்படி கணவரிடம் சொன்னார். அந்த மனுஷர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே, நீயே போய்ச் சொல்லு என்றார். அவர் அந்த வருஷத்தில் பேசிய மிக நல்ல வசனம் அதுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ராத்தா அபாயாவைப் போட்டுக்கொண்டு ஏலாது என்று சொல்லப் போனார். போய், அந்த அடுப்புகளையும் கழுவிக் கவிழ்த்திருந்த கிடாரங்களையும் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டு வந்து நின்றார். வந்ததும் என்னிடம் ஒன்று சொன்னார். இந்தத் தரமும் கெட்டுப்போனால் இனி வீட்டுக்கு வெளியே அகப்பை பிடிக்கமாட்டாராம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் பார்மசியில் லீவு போட்டேன். பார்க்கத்தான் போனேன் என்று சொன்னால் பொய். நான் அவருடைய நாக்கு, என்னை விட்டால் அங்கே உப்புப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்கிற பெருமையோடுதான் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு கிடாரங்கள் அடுப்பில் இருந்தன. உதவிக்கு எங்கள் சந்துப் பெண்கள் இரண்டு பேர். இறைச்சி மசாலாவில் வெந்து எண்ணெய் பிரிந்திருந்தது. சோற்றை அரைவேக்காட்டில் வடித்து, அடுக்கடுக்காகப் போட்டு முடித்தார்கள். இனி விளிம்பில் மா ஒட்டி மூடியை அடைத்துவிட்டால் தம்தான். அடைக்க முன்னர் ருசி பார்க்க வேண்டும். நான் கையைக் கழுவிக்கொண்டு தயாராக நின்றேன்.

ராத்தா என்னைக் கூப்பிட்டார். உப்பு டின்னை எடுத்து என் கையில் தந்தார். தண்ணீர் வாளியையும் காலால் என் பக்கம் தள்ளினார்.

"இத ரெண்டயும் எடுத்துக்கொண்டு வெளியில போய் இரிங்கொ. நான் வந்து கேட்டாலும் தராதீங்கொ."

ருசி பார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"வேணாம். நல்லம் எண்டு நீங்க சொன்னாலும் நான் நம்பப்போறதில்ல. பொறகு எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். இத்தனை நோன்புக்கு ஊதி ஊதி நாக்கைச் சுட்டுக்கொண்டவள் நான். இருந்தாலும் டின்னையும் வாளியையும் தூக்கிக்கொண்டு போய், பின்பக்கம் ஈரப்பலா மரத்தடியில் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். மடியில் உப்பு டின். போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். உதவிக்கு வந்த பெண்களில் ஒருத்தி வந்து வெள்ளரிக்காய் சலாதுக்கு உப்புக் கேட்டாள். எனக்குச் சந்தேகம், ராத்தாதான் அனுப்பியிருப்பாரோ என்று. டின்னைக் கொடுக்காமல், நானே கூடப் போய்ச் சலாதில் உப்பைப் போட்டுவிட்டு டின்னோடு திரும்பி வந்தேன்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கொஞ்சத்தில் ராத்தா வெளியே வந்தார். விரல்களில் மா காய்ந்து ஒட்டியிருந்தது. என் முன்னால் வந்து நின்றார். அவருடைய கண் டின்னில் இருந்தது. நெற்றி வியர்த்து முக்காட்டின் ஓரம் நனைந்திருந்தது. தாகத்தில் உதடு வெடித்திருந்தது. பிறந்தநாள் புரியாணிக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று நான் பார்க்காமல் விட்ட முகம் இதுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. இவ்வளவு பயத்தைத் தாங்குவதைவிட ஒரு ஜக் தண்ணீரை ஊற்றி எல்லாவற்றையும் முடித்துவிடுவது எவ்வளவோ லேசு.

தராதே என்று சொல்லியிருந்தார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து டின்னை நீட்டிவிட்டேன்.

ராத்தா அதைப் பார்த்தார். கை பாதி தூரம் வந்தது. பிறகு அதே கையால் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "நீங்களே வெச்சிக்கொங்கொ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பேரைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். பரிசு வாங்கியவர்கள், பட்டம் வாங்கியவர்கள், தேர்தலில் வென்றவர்கள். அந்தப் பின்வாசலில் தட்டுவதற்கு எனக்குக் கை இல்லை, இரண்டு கையாலும் டின்னைப் பிடித்திருந்தேன். ஆனால் அன்று பட்ட பெருமை வேறு யாருக்காகவும் பட்டதில்லை. மரத்தடியில் தனியாக நின்று அழுதேன்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழமும் கஞ்சியும் எடுத்து நோன்பு திறந்து, அந்தி நேரத்து மஃரிப் தொழுது முடித்ததும் சஹன் வைக்கத் தொடங்கினார்கள். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சஹன். ராத்தா மாவை உடைத்து மூடியைத் தூக்கினார். வாசனை மண்டபத்துக்குள் போனதும் உள்ளே பேச்சுச் சத்தம் சற்றுக் குறைந்தது. ராத்தா ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மிடறு தண்ணீரும் எடுத்ததோடு சரி, ஒரு பருக்கையைக்கூட வாயில் வைக்கவில்லை. சஹன்கள் உள்ளே போகப் போக, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருநாளுக்குப் பிறகு அந்தச் சமையலறை ராத்தாவின் பொறுப்புக்கு வந்தது. இன்றைக்கும் அவருடையதுதான். நான் கல்யாணம் முடித்து நீர்கொழும்புக்கு வந்துவிட்டேன். மாத்தளை ஆள் யாரைக் கண்டாலும் அந்த மண்டபத்தில் சாப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்பேன். ஆம் என்றால், அதைச் சமைத்தவர் என் பக்கத்து வீட்டு ராத்தா என்று கேட்காமலே சொல்வேன். என் கணவருக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். ஆனால் அவருக்குக்கூட நான் சரியாகச் சொல்லி முடிக்காதது அன்று கதவடியில் நடந்ததுதான்.

சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போது ஹாஜியார் எழுந்து சமையலறைக் கதவடிக்கு வந்தார். கையில் சோறு ஒட்டியிருந்தது. நல்ல மனுஷர்தான், ஆனால் எதிலும் ஒரு திருத்தம் சொல்லாமல் விட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது என்று சொல்வார்கள். "கொஞ்சம் உப்புக் கொற மாதிரி ஈக்கே" என்றார்.

டின் என் இடுப்பில்தான் இருந்தது. ராத்தா இனி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். இன்றைக்குச் சரியாக வரவில்லை ஹாஜியார், நான் முதலே சொன்னேன்தானே, என் கை அப்படி. உதவிக்கு வந்த பெண்கள் இரண்டு பேரும் குனிந்து பாத்திரம் கழுவுவது போல நின்றார்கள்.

ராத்தா நிமிர்ந்து நின்றார். "இல்ல ஹாஜியார். உப்பு சரியாத்தான் ஈக்கி. எறச்சியோட சேத்துச் சாப்புட்டுப் பாருங்கொ" என்றார். குரல் கொஞ்சம் ஆடியது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

ஹாஜியார் அவரைப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்த் தன் சஹனில் உட்கார்ந்தார். பிறகு வரவில்லை. அந்தச் சஹன் வெளியே வந்தபோது அதில் எலும்பு மட்டும்தான் இருந்தது.

எல்லாரும் போன பிறகு ராத்தா ஒரு பலகையில் உட்கார்ந்தார். கிடாரத்தின் அடியிலிருந்து ஒரு பீங்கான் போட்டு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் வாய் எடுத்தார். இத்தனை வருஷமும் என் முகத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தது போல, அன்றைக்கு அவருடைய முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றார், விழுங்கினார். இரண்டாவது வாயும் எடுத்தார். பிறகு பெண்களுக்குக் கேட்காமல் என் பக்கம் சாய்ந்து, "கொறதான் புள்ள" என்றார்.

இவ்வளவு பாடும் போச்சே, இனி வாழ்நாள் முழுக்க இதையே சொல்லப்போகிறார் என்று நினைத்துப் பார்த்தால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாயை இறைச்சியோடு சேர்த்து உருட்டிக்கொண்டே சொன்னார்.

"அடுத்த கிடாரத்துக்கு ஒரு புடி கூடப் போடுவம்."